கட்டைவிரலில் பச்சை நூல்

க்ரான்விக் மாவட்ட நீதிமன்றத்தில் எல்னா சந்தேகப்படாத ஒரே பொருள் காத்திருப்புக் கூடத்துக் காப்பி இயந்திரம்தான். அது என்றைக்கும் மட்டமான காப்பியைத்தான் தரும், நல்ல காப்பி தருவதாக நடிக்கவும் நடிக்காது. மனிதர்கள் அப்படியில்லை. முப்பத்தோரு வருஷம் தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாங்கிய பார்சலை வாங்கவே இல்லை என்று சாதித்தவர்களையும், தன் கையெழுத்தைத் தானே மறுத்தவர்களையும் பார்த்துப் பார்த்து, யார் வாய் திறந்தாலும் அதில் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஓய்வு பெற்ற வருஷம் கட்சிக் கூட்டத்தில், நீதிமன்றத்துக்கு நடுவராகப் போக யாருக்கு விருப்பம் என்று கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எல்னா கை தூக்கினாள். நடுவர்களைக் கட்சிகள் பரிந்துரைக்க, நகராட்சி மன்றம்தான் நியமிக்கும்; அதுவும் ஒப்புக்கொண்டது. ஜனவரியில் உறுதிமொழி எடுத்தாள். உறவுக்காகவோ, நட்புக்காகவோ, பகைக்காகவோ, பயத்துக்காகவோ நீதியைத் திருப்ப மாட்டேன் என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, மனதாரச் சொன்னாள். அன்றிலிருந்து மாதம் இரண்டொரு நாள் நீதிபதியின் பக்கத்தில் உட்காருகிறாள். சட்டம் படித்த நீதிபதி ஒருவர், சட்டம் படிக்காத நடுவர்கள் மூன்று பேர், நாலு பேருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. நீதிபதியின் ஓட்டும் ஒன்றுதான் என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அந்த அக்டோபர் வியாழக்கிழமை காலை கூடத்தில் வழக்கம்போல எல்லோரும் கலந்துகட்டி உட்கார்ந்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவன், சாட்சிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே காப்பி. ஒலிபெருக்கி கரகரத்தது. "ஓநாய் வேட்டை வழக்கு. சம்பந்தப்பட்டவர்களும் அழைக்கப்பட்டவர்களும் இரண்டாம் அரங்குக்கு வரவும்." பெஞ்சிலிருந்து ஒரு ஒல்லி மனிதன் எழுந்தான். அவன்தான் வெய்க்கோ. ஃபின்லாந்திலிருந்து வந்து ஆறு வருஷமாக ஏரிக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கிறான், குளிர்காலத்தில் வேட்டைக்கும் போவான். கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்ப்பவன் மாதிரி இருந்தான். மறைக்க ஏதோ இருக்கிறது என்று எல்னா அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டாள்.

அரங்குக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் நீதிபதி ஹெட்விக் நடுவர்களுக்குப் பெயர்களை வாசித்துக் காட்டினாள். நாற்பது வயதுக்காரி, போன வருஷம்தான் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவள்.

"இவங்கள்ல யாரையாவது தெரியுமா? வழக்கோட ஏதாவது ஒட்டு உறவு உண்டா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

துவா தலையாட்டினாள். அவளுக்கு இருபத்தேழு வயது, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். "எனக்கு யாரையும் தெரியாது."

"சந்தையில நூல் விப்பான், பாத்திருக்கேன்," என்றார் ரூனே. இருபத்திரண்டு வருஷமாக நடுவராக இருக்கும் பழுத்த ஆள், பெரிய வேட்டைக்காரர். "பாதி மாவட்டம் அவன்கிட்ட நூல் வாங்கியிருக்கு. அது உறவா என்ன?"

"நானும் அப்படித்தான்," என்றாள் எல்னா.

போன நவம்பரில் அவள் கணவன் ஹில்டிங்கின் வேட்டை நாயை ஓநாய்கள் கிழித்துப் போட்டதை அவள் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை, சொல்லத் தோன்றவே இல்லை. இந்தப் பக்கத்துக் காடுகளில் ஓநாயிடம் நாயையோ ஆட்டையோ பறிகொடுக்காத வீடு எங்கே இருக்கிறது? அதையெல்லாம் உறவென்று எண்ணினால் நடுவர் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும்.

வழக்கு இதுதான். அனுமதியில்லாமல் ஓநாயைச் சுடுவது இங்கே சிறைக்குற்றம். பிப்ரவரியில், கழுத்தில் இருப்பிடம் காட்டும் அலைபரப்பிப் பட்டை கட்டிய பெண் ஓநாய் ஒன்று திடீரென்று வனத்துறையின் வரைபடத்திலிருந்து காணாமல் போனது. ஏப்ரலில் பனி உருகியபோது வனக்காவலர் ஒருவர் அதை ஏரிக்கரையில், வெட்டிய ஊசியிலை மரக் கிளைகளுக்கு அடியில் கண்டுபிடித்தார். தோளில் குண்டு, எந்தத் துப்பாக்கி என்று சொல்ல முடியாதபடி நசுங்கியிருந்தது. உடலுக்குக் கீழே ஒரு கம்பளிக் கையுறை. அந்த இடம் வெய்க்கோவின் வேலியிலிருந்து நானூறு மீட்டர். அவனுடைய ஆடுகளில் ஒன்பது ஜனவரியில் செத்திருந்தன. கடையில் எல்லோர் முன்னாலும், "அடுத்தது அதோட முறை" என்று அவன் கத்தியிருந்தான். கையுறையின் சாம்பல் கம்பளி அவன் ஆட்டுக் கம்பளிதான் என்று ஆய்வகம் எழுதியிருந்தது. இரண்டு மாதம் உருகிய பனியில் ஊறி, நரி வேறு கடித்ததால், போட்டிருந்தவன் யாரென்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

"இது உங்க கையுறையா?" என்று கேட்டார் அரசு வழக்கறிஞர்.

"இல்ல. நான் தோல் கையுறைதான் போடுவேன். கம்பளி நூல் விக்கிறதுக்கு."

நம்புகிற மாதிரி இல்லை என்று எல்னா நினைத்தாள். ஆடு வளர்ப்பவன் கம்பளி போடமாட்டானாம். ரூனேயையும் அவள் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருந்தாள். வேட்டைக்காரர், வேட்டைக்காரனை விட்டுக்கொடுப்பாரா? பூசி மெழுகத்தான் பார்ப்பார்.

அப்போது சுவரில் இருந்த திரையில் கையுறையின் படம் விழுந்தது.

முதலில் முழுப்படம். அழுக்கு, கிழிசல், நரிப்பல் தடம். பிறகு கட்டைவிரல் மட்டும், பெரிதாக. சாம்பல் கம்பளியில் பச்சை நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. நூலின் முடிச்சு வெளிப்பக்கம் இருந்தது.

முடிச்சை யாரும் வெளிப்பக்கம் போடமாட்டார்கள். அசிங்கமாகத் தெரியும். எல்னா போடுவாள். மர அறுவை ஆலையில் ஹில்டிங்கின் வலது கட்டைவிரலில் ரம்பம் பட்டு ஆறிய தழும்பு இருக்கிறது. உள்ளே முடிச்சிருந்தால் அது உரசுகிறது என்று அவன் முனகியதால், நாலு வருஷமாக அவள் வெளியே முடிச்சிடுகிறாள். பச்சை நூல் கிறிஸ்துமஸ் மேசைவிரிப்பில் மிஞ்சியது. சாம்பல் நூல் சந்தையில், இதோ இந்த ஒல்லி மனிதனிடமே வாங்கியது.

"இது ரொம்ப சாதாரண ஒட்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தார் அரசு வழக்கறிஞர். "யார் வேணும்னாலும் போட்டிருக்கலாம், அவரே கூட."

அவள் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டாள். தபால் ஜன்னலுக்குப் பின்னால் அதுவும் பழகியதுதான். வெய்க்கோ படத்தைப் பார்க்காமல் நீதிபதி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைத்தான் பார்க்கிறானோ? சந்தையில் தனக்கு நூல் சுற்றிக் கொடுத்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதோ? அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

இடைவேளையில் துவாவின் தொலைபேசி அடித்தது. குழந்தைகள் காப்பகத்திலிருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல்.

"ஐயோ, நான் போயிட்டா கேஸே நின்னுடுமா?"

"ஒண்ணும் நிக்காது," என்றார் ரூனே, இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "விசாரணை ஆரம்பிச்சப்புறம் ஒருத்தர் விழுந்தா, மிச்சம் ரெண்டு நடுவரே போதும். நீதிபதியோட சேத்து மூணு பேர். பெரும்பான்மை எதுவோ அது தீர்ப்பு."

"நாலு பேர் இருந்து, ரெண்டு ரெண்டா பிரிஞ்சா?"

"அப்ப குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எது நல்லதோ அது. விடுதலை." அவர் தோளைக் குலுக்கினார். "ஆனா இவன் விஷயத்துல பிரியறதுக்கு என்ன இருக்கு? கையுறை பொய் சொல்லாது."

"எனக்கு அப்படித் தோணல," என்றாள் துவா, அம்மாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே. பிள்ளையைப் பாட்டி கூட்டிக்கொண்டு போவாள், அவள் தங்கலாம். "நூல் அவனுதுன்னா கையுறையும் அவனுதா? என்கிட்டயும் அவன் நூல்ல ஒரு தொப்பி இருக்கு."

ஆக, ரூனே தண்டனைப் பக்கம். எல்னாவுக்கு இது சுத்தமாக எதிர்பாராத திருப்பம். சக வேட்டைக்காரனை ஏன் மாட்டிவிடுகிறார்? அவர் ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஹில்டிங் எப்படி இருக்கான்? நாய் போனதுல இருந்து ஆளையே காணோமே."

"நல்லா இருக்கார்," என்றாள் எல்னா. பொடி வைத்துத்தான் கேட்கிறார் என்று பட்டது. அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும்? தெரியாமலும் இருக்கலாம்.

மதியத்துக்கு மேல் நீதிபதி வெய்க்கோவிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாள். கடையில் ஏன் அப்படிக் கத்தினீர்கள்? அடுத்தது அதன் முறை என்றால் என்ன அர்த்தம்? கோபத்தில் சொன்னது என்றால், கோபம் எவ்வளவு நாள் இருந்தது? வெய்க்கோ திக்கித் திணறினான். நீதிபதியும் முடிவு கட்டிவிட்டாள் என்று எல்னாவுக்குப் புரிந்தது. இத்தனை கெடுபிடி வேறு எதற்கு?

வீட்டில் வியாழக்கிழமைக்கு உரிய பட்டாணி சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்படி ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஹில்டிங்தான் சமைத்திருந்தான், அதுவே கொஞ்சம் புதுசாக இருந்தது.

"என்ன நடுவரம்மா, இன்னைக்கு யாரை உள்ள தள்ளுன?"

"தீர்ப்பு நாளைக்குத்தான்."

"அந்த ஓநாய்க் கேஸா?"

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "யார் சொன்னா?"

"பேப்பர்ல வந்துச்சே."

வந்தது உண்மைதான். ஆனால் எந்த நாள், யார் நடுவர்கள் என்றெல்லாம் பேப்பரில் வரவில்லை. அவள் கூடத்து மூலையில் இருந்த பிரம்புக் கூடையைக் கிளறினாள். தொப்பிகள், கழுத்துத் துண்டுகள், அவளுடைய சிவப்புக் கையுறை. அடியில் ஒரு சாம்பல் கையுறை, இடது கை. அதன் ஜோடி இல்லை. கையுறையைக் கூடையிலேயே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உன் சாம்பல் கையுறை ஒத்தையா கெடக்கு. இன்னொண்ணு எங்க?"

அவன் கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கணம் நின்றது. "மீன் பிடிக்கப் போனப்ப ஐஸ் ஓட்டையில விழுந்துடுச்சு."

"எப்போ?"

"போன குளிர்ல எப்பவோ. தேதியெல்லாம் எழுதி வச்சுக்கிட்டா போட முடியும்?"

"சொல்லவே இல்லையே. வேற பின்னிக் குடுத்திருப்பேனே."

"ஒரு கையுறைக்கு இவ்வளவு விசாரணையா? இது வீடா கோர்ட்டா, எல்னா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். முப்பத்தாறு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், அன்று ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. மென்று விழுங்கினாள். சூப்புக்குப் பிறகு வழக்கமாகச் சாப்பிடும் அப்பங்களின் மேல் பழக்கூழைத் தடவி அவன் பக்கம் தள்ளினாள்.

நாய் செத்த அன்று அவன் அதைச் சட்டையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தான். அன்று அழவில்லை. அதற்குப் பிறகு சரியாகப் பேசவும் இல்லை. பிப்ரவரியில் ஒருநாள் திடீரென்று தெளிந்தவன் மாதிரி வீட்டுக்கு வந்து மூன்று தட்டு இறைச்சி உருண்டை சாப்பிட்டான். துக்கம் தீர்ந்துவிட்டது என்று எல்னா சந்தோஷப்பட்டாள். எல்லோர் பேச்சிலும் பாதியைக் கழித்துக் கேட்கிறவள், அவனுடைய பசியை மட்டும் அப்படியே நம்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளை எழுப்பியது ஒரு நாற்றம். முடி கருகும் நாற்றம். இறங்கி வந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஹில்டிங் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தான், போதும் போதும் என்கிற அளவுக்கு ஏற்கெனவே பிளந்து அடுக்கியிருந்தும். அவள் கூடைக்குப் போனாள். தொப்பிகள், துண்டுகள், சிவப்புக் கையுறை. சாம்பல் கையுறை இல்லை.

பருத்தி எரிந்தால் காகித வாசனை வரும். கம்பளி எரிந்தால்தான் இப்படி நாறும். அவள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, முகம் கழுவாமலேயே காப்பி குடித்தாள். அவன் சுட்டதைக்கூட ஒருவேளை மன்னித்துவிடலாம். நேற்று அவள் கேட்ட கேள்விக்கு அவன் அடுப்பில் பதில் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

நீதிமன்றத்துக்குப் போகும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டாள். வழக்கோடு எனக்கு உறவிருக்கிறது என்று சொல்லி விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வாய் வராவிட்டால் உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவள் விலகினால் மிச்சம் மூன்று பேர். நீதிபதியும் ரூனேயும் ஒரு பக்கம், துவா ஒரு பக்கம். வெய்க்கோ உள்ளே போவான், குறைந்தது ஆறு மாதம். ஆட்டுக்குத் தீனி வைக்க ஆள் கிடையாது. அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து விடுதலை என்று ஓட்டுப் போட்டால் இரண்டுக்கு இரண்டு. சட்டமே அவனைக் காப்பாற்றிவிடும். ஹில்டிங்கும் தப்பிப்பான். ஆக, நீதிக்காகவேதான் அவள் சும்மா இருக்கவேண்டும். நீதிமன்றப் படியேறும்போது அவளுக்கு இது ஏறக்குறைய நேர்மையாகவே பட்டது.

தாழ்வாரத்தில் ரூனே காத்துக்கொண்டிருந்தார்.

"தூங்கல போலிருக்கே."

"தூங்கினேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. விடுதலைன்னு ஆயிடுச்சுன்னா போலீஸ் சும்மா இருக்காது. அப்ப யாருன்னு மறுபடி காட்டுல எறங்குவாங்க. வீடு வீடா வருவாங்க. ஒருத்தன் கிடைச்சுட்டான்னா கதவு மூடிடும். வெய்க்கோவுக்குப் பொண்டாட்டி புள்ளை கிடையாது. ஆறு மாசம், பறந்துடும்."

"அவன் செய்யலைன்னா?"

"யார் செஞ்சா என்ன? இந்த ஊர்ல யாருக்கு அந்த ஓநாய் மேல கண்ணீர் வந்துச்சு?" அவர் அவள் தோளைத் தட்டினார். "நம்ம ஆளுங்களை நாமதான் பாத்துக்கணும், எல்னாம்மா."

அந்தக் கை பட்ட இடத்தை அவளுக்குத் துடைக்கவேண்டும் போலிருந்தது. தானும் அதே வேலையைத்தான் செய்யப் போகிறோம், கொஞ்சம் நாகரிகமாக, என்ற நினைப்பு வந்தது. அதை ஒதுக்கினாள். நான் ஒரு நிரபராதியைக் காப்பாற்றுகிறேன், இவர் அப்படியில்லை.

இரு தரப்பும் கடைசி வாதத்தை முடித்தார்கள். வெய்க்கோவிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று நீதிபதி கேட்டாள். அவன் எழுந்து நின்றான். "நான் கத்தினது தப்புதான். அப்படிக் கத்தியிருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எல்லோரும் வெளியே அனுப்பப்பட்டார்கள். கதவு மூடியது.

ஆலோசனை அறையில் நாலு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி. இங்கே பேசுவது இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது, சாகிற வரைக்கும். ஆரம்பிப்பது எப்போதும் நீதிபதிதான். சட்டம் என்ன சொல்கிறது என்பதை விளக்கிவிட்டு முதல் ஓட்டும் அவள்தான் சொல்லவேண்டும். எல்னா கைகளை மடியில் கோர்த்துக்கொண்டாள். தண்டனை என்று சொல்லப் போகிறாள், பிறகு துவா, பிறகு நான், கடைசியில் ரூனே. தன் முறைக்கு அந்த ஒரு சொல் போதும்.

ஹெட்விக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நேத்து அவரைக் கொஞ்சம் அதிகமாவே குடைஞ்சேன். வேணும்னுதான். பொய்யா இருந்தா மூணு தடவையில எங்கயாவது பதில் மாறும். மாறல. கோபப்பட்ட ஆளுன்னு தெரியுது, சுட்ட ஆளுன்னு தெரியல. அந்த நூலை இந்த மாவட்டத்துல நூறு பேர் வாங்கியிருப்பாங்க. நியாயமான சந்தேகம் இருக்குன்னு இல்ல, சந்தேகத்தைத் தவிர வேற ஒண்ணுமே இல்ல. என் ஓட்டு விடுதலை."

"எனக்கும் அதேதான்," என்றாள் துவா உடனே.

எல்னா போட்ட கணக்கு மொத்தமும் தப்பு. இரண்டு விடுதலை ஏற்கெனவே வந்துவிட்டது. அவள் இந்த அறையில் இருந்தாலும் ஒன்றுதான், நேற்றே எழுந்து போயிருந்தாலும் ஒன்றுதான், வெய்க்கோ விடுதலை. அவனுக்கு அவள் ஓட்டு வேண்டியதே இல்லை. அப்படியானால் நேற்றிலிருந்து அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது யாருக்காக? காலையில் படியேறும்போது நேர்மை மாதிரி தெரிந்ததை இப்போது உள்ளது உள்ளபடி பார்த்தாள். அதில் வெய்க்கோ எங்கேயும் இல்லை. அடுப்பங்கரையும் ஹில்டிங்கும்தான் இருந்தார்கள்.

"எல்னா?" என்றாள் நீதிபதி.

அவள் மடியில் கோர்த்திருந்த விரல்களைப் பிரித்தாள்.

"அவளுக்கு நேத்துல இருந்தே உடம்பு சரியில்ல," என்றார் ரூனே. "விடுங்களேன், முடிவுதான் தெரிஞ்சுடுச்சே. அவ வீட்டுக்குப் போகட்டும்."

எவ்வளவு சுலபமான வழி! தலையை ஆட்டினால் போதும். அவர் கண் அவளை விட்டு நகரவே இல்லை. தெரிந்திருக்கிறது இந்த மனிதருக்கு, முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக இந்த நாற்காலியில் இருந்துகொண்டு எத்தனை கதவை இப்படி மெல்ல மூடினாரோ. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னும் எத்தனை வருஷம் அவளும் உட்கார்ந்திருப்பாள்?

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள் எல்னா. "எனக்கு இதுல ஓட்டுப் போட உரிமை இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"அந்தக் கட்டைவிரல் ஒட்டு நான் போட்டது. என் வீட்டுக்காரரோட கையுறை. முடிச்சு வெளியில இருக்கு பாருங்க, உள்ள இருந்தா அவருக்குத் தழும்புல உரசும். நேத்து படத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது. சொல்லல. ஜோடி வீட்டுல இருந்துச்சு. இன்னைக்குக் காலையில அடுப்புல போட்டுட்டார்."

துவா வாயில் கை வைத்துக்கொண்டாள். ரூனே ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினார், மேசையெல்லாம் சிந்தியது. நீதிபதி எல்னா பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"உங்க கணவரைப் பத்தி நீங்க சாட்சி சொல்லணும்னு கட்டாயம் இல்ல. சட்டம் அந்த உரிமையை உங்களுக்குக் குடுக்குது. அது தெரியுமா?"

"தெரியும்."

"நேத்தே சொல்லியிருக்கணும். அதுக்கும் கேள்வி வரும்."

"வரட்டும்."

ஹெட்விக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "நாங்க ஓட்டுப் போட்டது இந்த அறையோட இருக்கும். ஆனா நீங்க இப்ப சொன்னது ஆலோசனை இல்ல, ஆதாரம். அது இங்க இருக்க முடியாது. கதவைத் திறந்து எல்லாரையும் மறுபடி கூப்பிடணும். அங்க என்ன பேசறது, பேசாம இருக்கறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். இப்ப வெளியில போய் உக்காருங்க."

நடுவர்கள் போய் வர ஒரு தனிக் கதவு உண்டு. எல்னா பழக்கத்தில் அதை நோக்கி நடந்து, பாதியில் திரும்பி, காலியாக இருந்த அரங்கின் நடுவே நடந்து பொதுக்கதவு வழியாகக் கூடத்துக்கு வந்தாள்.

பெஞ்சு நிறைய ஆள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நடுவர் ஒருத்தி இந்தக் கதவு வழியாக வந்ததை யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. எல்லோர் கண்ணிலும் ஒரே பார்வை, அவள் முப்பத்தோரு வருஷம் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மற்றவர்களைப் பார்த்த பார்வை. ஹில்டிங் இந்நேரம் விறகடுக்கை முடித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனை நினைத்ததும் அழுகை வந்தது, அடக்கவில்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த வெய்க்கோ தன் கோட்டை மடியில் இழுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காருங்க. முடிஞ்சுதா உள்ள?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"சரி." அவன் கோட்டை மடித்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான், "ரெண்டு வருஷம் முன்னாடி என்கிட்ட சாம்பல் நூல் வாங்கினீங்க. மூணு கண்டு. வீட்டுக்காரருக்குன்னு சொன்னீங்க."

எல்னா திரும்பினாள். "ஞாபகம் இருந்தா ஏன் நேத்தே சொல்லல?"

"நூறு பேர் வாங்கினாங்க. ஒருத்தர் மேல கைய நீட்ட எனக்கு என்ன ஆதாரம் இருக்கு?" என்றான் அவன். "என் மேல நீட்டினாங்களே, அது மாதிரி நானும் செய்யணுமா?"

ஒலிபெருக்கி கரகரத்தது. ஓநாய் வேட்டை வழக்கில் சம்பந்தப்பட்டவர்களும் அழைக்கப்பட்டவர்களும் இரண்டாம் அரங்குக்கு வரவேண்டும் என்றது. எல்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் எழுந்து நின்றாள்.